இலையாகவே வளரும் குண்டுமல்லியைப் பூக்க வைப்பது

செடி தளதளவென்று இருக்கிறது. பச்சைக்குக் குறைவில்லை. கிளை கொடி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. பூ மட்டும் இல்லை. பங்குனி, சித்திரையில் கோயம்பேட்டில் மல்லி மூட்டை மூட்டையாக இறங்குகிறது, மாடித் தொட்டியில் நாலு மொட்டுக்கு வழியில்லை. இந்த நிலைமையில் எல்லாரும் முதலில் செய்வது உரம் வாங்கிப் போடுவது. போட்டதும் இலை இன்னும் பெரிதாகிறது, கிளை இன்னும் நீளுகிறது, பூ வராது.

மல்லிக்கு இங்கே நோய் எதுவும் இல்லை. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். போன வருஷத்துப் பழைய கிளையில், அது எவ்வளவு கொழுத்திருந்தாலும், நேரடியாகப் பூ வராது. புதுத் தளிர் நிறைய வேண்டுமானால் பழைய கிளையை வெட்டியாக வேண்டும். வெட்டிய பிறகு வருகிற தளிர் பூவாக மாற நேர் வெயில் வேண்டும். உரம் மூன்றாவதுதான். வெட்டு, வெயில், உரம் என்ற இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் முக்கால்வாசி மல்லி இலையோடு நின்றுவிடுகிறது.

வெட்டுவதற்கு முன் உங்களிடம் இருப்பது குண்டுமல்லிதானா என்று பார்த்துவிடுங்கள். நர்சரியில் "மல்லி" என்று சொல்லி விற்பதில் பல செடி உண்டு. குண்டுமல்லிக்குத் தனி இலை. வட்டமாக, ஓரம் கொஞ்சம் அலையாக, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலை இருந்தால் அது ஜாதிமல்லி. மொட்டின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்பாக ஓடுவதை வைத்தும் அதை அடையாளம் காணலாம். நடு இலைக்குக் கீழே காது மாதிரி இரண்டு குட்டி இலை ஒட்டிக்கொண்டிருந்தால் முல்லை. இது ஏன் முக்கியம் என்றால், வெட்டும் காலம் மாறுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயலுக்குச் சொல்லும் கணக்கு இது: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லிக்குத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டு.

செடியின் வயதையும் பாருங்கள். வைத்த ஆறாவது மாதமே மல்லி கொஞ்சம் பூ காட்டும். ஆனால் நிறைந்து பூப்பது மூன்றாம் வருஷத்திலிருந்துதான். முதல் வருஷச் செடியிடம் முழக்கணக்கில் எதிர்பார்க்கக் கூடாது.

இனி வெயில். மல்லி நிறையப் பூக்கக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். "வெளிச்சம் நல்லா வருது" என்பது வேறு, வெயில் என்பது வேறு. தொட்டிக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் தரையில் விளிம்பு தெளிவான நிழல் விழ வேண்டும். அப்படி விழும் நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

அடுக்குமாடிவாசிகள் தெற்கு பால்கனியை நம்பி ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தெற்கு பால்கனிக்குள் வெயில் நன்றாக நீண்டு வரும். செடி வாங்கும் மாதமும் அதுவாகவே இருக்கும். ஆனால் சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கு வரை உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். மார்ச் கடைசியிலேயே மேல்வீட்டு பால்கனியின் கூரை உங்கள் வெயிலை மறைத்துவிடும். அதாவது மல்லிக்கு வெயில் அதிகம் தேவைப்படும் ஆறு மாதம் தெற்கு பால்கனியில் வெயிலே இருக்காது. கிழக்கு பால்கனியில் காலை ஆறரை முதல் பதினொன்றரை வரை, மேற்கில் ஒரு மணி முதல் ஆறு மணி வரை கிடைக்கும். இரண்டுமே ஐந்து மணி நேரம்தான். மாடி அளவு பூக்காது, ஆனால் பூக்கும். தெற்கு, வடக்கு பால்கனி மட்டும் இருப்பவர்கள் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவதுதான் வழி. அதற்கு இடமில்லையென்றால் அந்த இடத்துக்கு மல்லி வேண்டாம். நாலு மணி நேரத்துக்குக் கீழே போனால் எந்த உரமும் அதைச் சரிக்கட்டாது.

மொட்டைமாடியிலும் ஒரு மறைவு உண்டு. மூன்றடி கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கிழக்கு ஓரத்தில் தொட்டியை வைத்தால் காலை வெயில் செடிக்கு எட்டவே நேரமாகும். சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி உள்ளே தள்ளி, இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். செங்கல் வெயிலுக்கு மட்டும் அல்ல. அடித்துளை அடைபடாமல் இருக்கும், கொதிக்கும் தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது.

தொட்டி 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மண் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கழுவிய மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டு எரு அல்லது மண்புழு உரம். தொட்டிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மொத்தத்தில் கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவிடும்.

புதுச் செடி வாங்கும்போது வேர்க்கட்டியையும் கவனியுங்கள். சென்னை நர்சரிகளுக்கு நிறையச் செடிகள் ராஜமுந்திரி பக்கம் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. பயணத்தில் உடையாமலிருக்க வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே பொலபொலப்பான கலவையில் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிக் கீழே போய்விடும். உருண்டை உள்ளே காய்ந்து செங்கல்லாகும். வாங்கிய அன்று மாலை ஒரு வாளித் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் பாதியாவது உதிர்த்துவிட்டு நடுங்கள். நர்சரியில் மொட்டும் பூவுமாக இருந்த செடி வீட்டுக்கு வந்து நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று, அந்த மொட்டெல்லாம் நர்சரியில் வெட்டி உரம் போட்டதால் வந்தவை. அந்தச் சுற்று முடிந்த பிறகு யாரும் மறுபடி வெட்டியிருக்க மாட்டார்கள்.

வெட்டும் காலத்துக்கு வருவோம். நவம்பர் கடைசி என்பது தண்ணீர் வடியும் வயலுக்குச் சரி. சென்னையில் அப்போது வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது; புயல் சின்னம் டிசம்பரிலும் வரும். வெட்டிய காயத்தில் நாள்கணக்காக மழைநீர் பட்டால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே இறங்கும். அதனால் மாடித் தொட்டிக்கு மார்கழி பிறந்ததிலிருந்து பொங்கலுக்குள் வெட்டுவது என் கணக்கில் சரி. வானிலை அறிக்கையில் ஒரு வாரம் மழை இல்லை என்று தெரிந்த பிறகு கட்டரை எடுங்கள். பொங்கலுக்குப் பிறகும் வெட்டலாம், குடி ஒன்றும் முழுகாது. முதல் பூ மட்டும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

வெட்டுவதற்கு முன் செடிக்கு ஓய்வு தேவை. பத்து நாள் தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்து, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்து, நுனி இலைகள் மத்தியானத்தில் லேசாகத் தொங்கினால் போதும். அந்த நிலையில் அரை மக்கு தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றி வையுங்கள். அடியோடு காயப்போட்டு விடாதீர்கள். இது தொட்டி, வயல் இல்லை, வேருக்குத் தண்ணீர் தேடிப் போக இடமில்லை. வெட்டுவதற்கு முதல் நாள் மாலை ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கிளையில் ஈரம் இருந்தால்தான் வெட்டு சுத்தமாக விழும், தளிரும் சீக்கிரம் கிளம்பும்.

வெட்டு இப்படி: முதலில் காய்ந்த குச்சி, நோய் விழுந்த கிளை, உள்நோக்கிப் போகும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். அடியிலிருந்து நேராக, கணுவுக்கும் கணுவுக்கும் அரை அடி இடைவெளி விட்டு, மொட்டே வைக்காமல் நீளும் நீர்ப்போத்து இருந்தால் அதையும். மிச்சத்தில் நல்ல தண்டு ஐந்து ஆறு நின்றால் போதும். அவற்றை மண்ணிலிருந்து ஒரு அடி, ஒன்றேகால் அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் அங்கே இருக்கும் தளிர் மொக்கு காய்ந்துவிடும். ஒரு அங்குலம் விட்டு வெட்டினால் அந்தக் குச்சி காய்ந்து பூசணத்துக்கு வழிவிடும். கட்டர் கூராக இருக்கட்டும். மொன்னைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். பென்சிலைவிடப் பருமனான வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசண மருந்தைக் குழைத்துத் தடவுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள்.

இதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நின்றிருக்கும் தண்டுகளில் மிச்சமுள்ள பழைய இலைகளையெல்லாம் கையால் உருவிவிடுங்கள். மேலிருந்து கீழாக இழுத்தால் கணுவில் இருக்கும் மொக்கும் சேர்ந்து பிய்ந்து வரும். இலைக்காம்பைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினால் சுத்தமாகக் கழன்றுவரும். பழைய இலை போனால் எல்லாக் கணுவும் ஒரே சமயத்தில் விழிக்கும், பூவும் ஒரே சுற்றாக வரும். மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் பழைய இலையின் அடியில்தான் குடியிருக்கும், அவையும் போகும். செடி மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காது. பத்துப் பதினைந்து நாளில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் பச்சைப் புள்ளி தெரியும்.

அந்த இரண்டு பக்கம்தான் கணக்கே. மல்லிக்கு இலை எதிரெதிரே இருப்பதால் ஒரு வெட்டுக்குக் கீழே இரண்டு தளிர் வரும். பத்து நுனியை வெட்டினால் இருபது தளிர். ஒரு நுனிக்குக் குறைந்தது மூன்று மொட்டு என்றால் அறுபது மொட்டு. வெட்டாமல் விட்டால் அதே பத்து நுனி, அதிலும் பாதி வலுவில்லாதது.

வெட்டிய கையோடு மேல்மண்ணை மூன்று அங்குலம் கிளறி எடுத்துவிடுங்கள். அதில் வெள்ளை உப்புப் படிவு, பூச்சியின் கூட்டுப்புழு எல்லாம் இருக்கும். இரண்டு நாள் தொட்டி அப்படியே காயட்டும். பிறகு இரண்டு கிலோ மக்கிய எரு, 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், மிச்ச இடத்துக்குப் புதுச் செம்மண். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இதே சமயத்தில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுவரை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் வேரைச் சுற்றிலும் ஒரு அங்குலம் சீவிவிட்டுப் புதுக்கலவையில் வையுங்கள். வைகாசியில் இதைச் செய்தால் செடி போய்விடும்.

உரம் பற்றிப் பல்கலைக்கழகப் பரிந்துரையில் கவனிக்க வேண்டியது அளவு அல்ல, விகிதம். வயலில் ஒரு செடிக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120. இதை இரண்டாகப் பிரித்து வெட்டியவுடன் ஒரு பாதியும் ஜூன், ஜூலையில் ஒரு பாதியும் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டில் பாதிதான் தழைச்சத்து. மாடித்தோட்டத்தில் என்ன நடக்கிறது? கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து வாரம் ஒரு முறை ஊற்றுகிறோம். கடலைப்புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதத்துக்கு மேல், மற்ற இரண்டும் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி. விகிதம் அப்படியே தலைகீழ். செடி தழைக்கத்தான் செய்யும். புண்ணாக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டிய பிறகு தளிர் ஒரு அங்குலம் வந்ததும், 50 கிராமை ஒரு லிட்டரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, தொட்டிக்கு ஒரு லிட்டர் ஊற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரே முறை. அடுத்து தளிரில் மூன்று ஜோடி இலை விரிந்ததும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து ஊற்றுங்கள், மண் ஈரமாக இருக்கும்போது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் குளோரைடு. சென்னை போர் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பு போதும்.

அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் மல்லிக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். இரண்டுமே மண்ணைக் காரமாக்குபவை. கடின நீர் விடும் சென்னைத் தொட்டியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. நான் இரண்டையும் போடச் சொல்ல மாட்டேன்.

தளிர் வந்த பிறகு தினமும் நுனியைப் பாருங்கள். நாலாவது ஜோடி இலைக்கு மேலே, கடைசி இரண்டு இலைக்கு நடுவில், பச்சை நூலைக் கற்றையாகக் கட்டிவைத்தது போல மூன்று குட்டி முடிச்சு தெரிந்தால் அது மொட்டு. அந்தப் பச்சை நூல்கள்தான் புல்லிவட்டம். எட்டு ஒன்பது ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை மொட்டு அதற்கு நடுவிலிருந்து பிறகு எழும்பும். நூலுக்குப் பதிலாக நுனி மெலிந்து, இலை சிறுத்து, கணு இடைவெளி நீண்டுகொண்டே போனால் அந்தத் தளிர் கொடியாகப் போகிறது என்று அர்த்தம். நாலாவது ஜோடிக்கு மேலே நகத்தால் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இடத்தில் வரும் இரண்டு கிளையில் மொட்டு வைக்கும். பெரும்பாலான தளிர்கள் கொடியாகவே போனால் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து கூடிவிட்டது. இடத்தை மாற்றுங்கள், புண்ணாக்கை நிறுத்துங்கள்.

முடிச்சு தெரிந்த நாளிலிருந்து பூ முடியும் வரை செடியைத் தொந்தரவு செய்யக் கூடாது. தொட்டியைத் திருப்புவது, இடம் மாற்றுவது, சோப்புக் கரைசல் அடிப்பது எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் தவறக் கூடாது. கடுகளவு மொட்டு பழுப்பாகி உதிர்ந்தால் பெரும்பாலும் ஒரு நாள் தண்ணீர் தவறியதுதான் காரணம்.

டிசம்பர் குளிரில் வெட்டியது முதல் பூவுக்கு வர மாசி, பங்குனி ஆகும். வெயில் ஏறிய பிறகு வெட்டிலிருந்து பூவுக்கு 35 முதல் 45 நாள். ஒரு சுற்று பூத்து முடிந்ததும், வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலை சேர்த்து நுனியை வெட்டுங்கள். இது பெரிய வெட்டு இல்லை, இலை உருவ வேண்டாம். இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் செய்தால் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஐந்து சுற்று எடுக்கலாம். மார்ச்சில் ஒரு முறை நன்றாகப் பூத்து, அதோடு வருஷம் முழுக்க நின்றுபோகும் செடிகளில் இந்தச் சின்ன வெட்டுதான் விட்டுப்போயிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்கென்று தனித் தொல்லை உண்டு. போர் தண்ணீர் கடினம், வேளச்சேரி, பெருங்குடி, திருவான்மியூர் பக்கம் பல வீடுகளில் உப்பும் கூட. தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாகப் படியும். இலை ஓரம் பழுப்பாகக் கருகும். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, மல்லிக்கு அது ஆகாது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நேர்மாறு, உப்பே இல்லாதது. ராத்திரி ஒரு வாளி பிடித்து வைத்தால் மறுநாள் மல்லிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக உப்பை இறக்குங்கள்.

கடின நீரால் வரும் இன்னொன்று மஞ்சள் இலை. இதில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். அடி இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறுமனே வயதான இலை. நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. இதற்கு அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம். மாலையில் இலையின் இரண்டு பக்கமும் நனைய அடியுங்கள். 15 நாள் விட்டு மறுபடியும். நுனி பச்சையாகும் வரை. வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். செங்கல் நிறத்துக்கு மாறியது வேலை செய்யாது. போர் தண்ணீரில் கரைத்தால் கண் முன்னாலேயே பழுப்பாகிவிடும். ஏ.சி. தண்ணீரில் அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து அதில் கரையுங்கள், உடனே அடித்துவிடுங்கள்.

மொட்டு வந்த பிறகு கெடுப்பவை இரண்டு. மொட்டு இளஞ்சிவப்பாக, ஊதாவாக மாறி, அடி உப்பி, விரியாமலே காய்ந்தால் மொட்டு ஈ. உள்ளே பிரித்துப் பார்த்தால் மிகச் சிறிய புழுக்கள் தெரியும். மொட்டில் ஓட்டை விழுந்து, பக்கத்து மொட்டுகள் மெல்லிய நூலால் ஒட்டிக்கிடந்தால் மொட்டுப்புழு. பச்சை உடம்பு, கறுப்புத் தலை. இரண்டுக்கும் முதல் மருந்து கைதான். பாதிக்கப்பட்ட மொட்டையெல்லாம் பறித்து, தொட்டி அடியில் போடாமல், கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மொட்டு ஈயின் புழு கீழே விழுந்து மண்ணில்தான் கூடு கட்டும். அதனால் மேல்மண்ணை வாரம் ஒரு முறை கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு தூவுங்கள். அடுத்த சுற்றுக்குத் தளிர் வரும்போதே, மொட்டு தெரிவதற்கு முன், பத்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் ஒரு மி.லி. சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடியுங்கள். தலையில் வைக்கும் பூ, சாமிக்குப் போடும் பூ. பூச்சிக்கொல்லி மருந்துக்கு வீட்டுத் தொட்டியில் இடம் தர வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் இலை மேல் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள், அடியில் சிலந்தி நூல் தெரிந்தால் சிலந்திப்பேன். ஹோஸ் பைப்பால் இலை அடியில் மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே அடங்கும். கந்தகத் தூள் இதற்கு நல்ல மருந்து, ஆனால் சென்னைக் கோடை வெயிலில் இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள் அடித்தாலும் அதே கதி.

கத்திரி வெயிலில் தொட்டிக்குக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை தண்ணீர். செடிக்கு நிழல்வலை வேண்டாம். மல்லி வெயிலுக்கு அஞ்சாது. வேர்தான் சூடு தாங்காது. மேற்குப் பக்கத் தொட்டிச் சுவரில் நனைத்த கோணி சுற்றுங்கள், இல்லை வேறு தொட்டிகளை அணைத்து வையுங்கள். மழைக்காலத்தில் எல்லாம் நேர்மாறு: அடித்தட்டை எடுத்துவிடுங்கள், துளையைக் குச்சியால் குத்தி விடுங்கள், உரத்தை நிறுத்துங்கள். ஐப்பசியில் பூ குறைவது இயல்பு. அப்போது பூவுக்காக எதுவும் செய்ய வேண்டாம். பெய்யும் மழை உப்பைக் கழுவிக்கொடுக்கும்.

காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் தரையில் வைத்த பழைய மல்லிக்கும் இதே வரிசைதான். மாமர நிழலில் இருந்தால் மரக்கிளையைக் கழிக்காமல் மல்லியை வெட்டிப் பயனில்லை. முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டி, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் எடுத்து பத்துக் கிலோ எருவைப் போட்டு மூடுங்கள்.

மொட்டைப் பறிக்க நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து. அன்று விரியப்போகிற மொட்டு முழு வெள்ளையாக, கெட்டியாக உப்பியிருக்கும். காம்போரம் பச்சை ஓடினால் அது நாளைக்கு. அதைப் பறித்தால் விரியாமலே மஞ்சளாகும். ஒரு கொத்தில் நடு மொட்டு முதலில் தயாராகும், பக்கத்து இரண்டும் ஓரிரு நாள் கழித்து. அதனால் கொத்தோடு கிள்ளாமல் ஒவ்வொன்றாக, புல்லிவட்டத்துக்குக் கீழே நகத்தை வைத்து எடுங்கள். கடைசி மொட்டையும் பறித்த அன்றைக்கே அந்த நுனியை இரண்டு ஜோடி இலையோடு வெட்டிவிடலாம்.